ஹெர்ன்ஹூட் தினவாக்கியம்

வேதாகமத்தின் ஒரு வசனத்தை ஒவ்வொரு நாளுக்கும் வழித்துணையாக நியமித்துக்கொள்ளும் மொரேவிய சபையாரின் சம்பிரதாயம். மதத்தின் பொருட்டு இன்னலுற்று மொரேவியாவைவிட்டு வெளியேறிய குடும்பங்கள், சாக்ஸனி நாட்டில் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் 1722இல் அமைத்த ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில், 1728 மே 3ஆம் தேதி மாலை ஆராதனையின்போது, மறுநாளுக்குரிய வாக்கியம் ஒன்றைப் பிரபு சபையாருக்கு அளித்தார். அதன்பின் நாள்தோறும் சகோதரர் ஒருவர் வீடுவீடாகச் சென்று அன்றைய வாக்கியத்தை அறிவிப்பதும், அவ்வீட்டாரின் க்ஷேமத்தை விசாரிப்பதும் வழக்கமாயின. 1731ஆம் வருஷத்துக்குரிய வாக்கியங்கள் முதன்முதலாக அச்சேறின. அது முதல் அந்நூல் வருஷந்தோறும் வெளிவந்துகொண்டிருக்கிறது.

பழைய ஏற்பாட்டு வசனங்கள் எழுதிய சீட்டுகளிலிருந்து குலுக்கி எடுக்கப்படுவதே அன்றைய வாக்கியம். அதற்கு இசைந்த புதிய ஏற்பாட்டு வசனமோ ஆலோசித்துத் தேர்ந்து சேர்க்கப்படுகிறது.

இதனோடு சேர்ந்தே வழங்கி, பின்னர் மறைந்துபோன வேறொரு வழக்கம் திருவுளச் சீட்டு. விவாகம், பதவி நியமனம், தூரதேசப் பிரயாணம் ஆகியவற்றில் 'ஆம்', 'அன்று' என எழுதியவையும், காத்திருக்க வேண்டுமென்பதற்கு அடையாளமாக எழுத்தில்லாததுமான சீட்டுகளுள் ஒன்றை எடுத்து, அதன்படியே நடந்தனர். மேற்கிந்தியத் தீவான செயின்ட் தாமஸுக்கு 1732இல் லெயோனார்ட் டோபர் என்னும் குயவர் அனுப்பப்பட்டதும் சீட்டெடுத்த பின்னரே. எனினும், விவாகத்தைச் சீட்டால் நிர்ணயிக்கும் கட்டாயத்தை இளையோர் வெறுக்கத் தொடங்கியமையால், சாதாரண அங்கத்தினரை அதினின்றும் 1818ஆம் வருஷத்துப் பொதுச் சங்கம் விடுவித்தது.

ஒன்று வாழ்ந்ததும் மற்றொன்று வீழ்ந்ததும் தற்செயலன்று. மடியிலே போடப்படும் சீட்டின் முடிவு கர்த்தருடையது எனச் சொல்லும் நீதிமொழிகள் ஆகமமே, ஆலோசனைக்காரர் பலரிருந்தால் எண்ணம் நிலைபெறும் என்றும் உரைக்கிறது. சீட்டையே நம்பியவர்கள் முதலாவதைப் பற்றிக்கொண்டு இரண்டாவதை நழுவவிட்டனர் எனலாம். சீட்டு மனிதனை யோசனை செய்யும் சுமையினின்று விடுவிக்கிறது. தினவாக்கியமோ, எதையும் தீர்த்துச் சொல்லாமல், யோசனையைத் தூண்டிவிட்டுத் தீர்மானத்தை அவனிடமே விட்டுவிடுகிறது.

இதற்குச் சிறந்த நிதரிசனம் ஜெர்மானிய இறையியலறிஞர் டீட்ரிச் போன்ஹோஃபரின் வாழ்க்கையில் கிடைக்கிறது. 1939 ஜூனில் யுத்தம் நெருங்கியிருந்த வேளையில் நியூயார்க் வந்து சேர்ந்த அவர், அங்கே தமக்கு ஏற்பாடாகியிருந்த பாதுகாப்பான வேலையை ஏற்பதா, தாய்நாட்டுக்குத் திரும்புவதா என்று தத்தளித்த நாட்களில், தம் தினக்குறிப்பிலே அன்றன்றைய வாக்கியத்தைக் குறித்து எழுதிவந்தார். வேலையை மறுத்துவிட்ட பின்பும், தம்மைச் செலுத்திய நோக்கங்கள் எவையென்பது தமக்கே முற்றும் தெளிவாகவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டதும் அதே குறிப்பில்தான். விசுவாசிப்பவன் பதறி ஓடான் என்னும் பொருளுடைய ஏசாயாவின் வசனம் அவருக்கு வாய்த்தது, மறுப்புச் சொல்லிச் சில நாட்கள் கழிந்த பின்னரே. ஆகவே அது வழி காட்டிற்று என்பதைக் காட்டிலும், ஏற்கெனவே தெரிந்துகொண்ட வழியைப் பரீட்சித்தது என்பதே பொருந்தும். ஜூலையில் அவர் கப்பலேறினார்.