நூலுக்காக வந்த குளிர்காற்று

இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், ஒரு காலத்தில் தமிழ்ப் புலவர்களை ஆதரித்த ஜமீனாய் விளங்கிய சேத்தூரில், இன்று ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டுவோர் ஏ.சி. யந்திரத்துக்குச் சுவரில் துவாரம் விட்டே கட்டுகிறார்கள். மனித சுகத்துக்கென்றே அது பிறந்தது என்று அவர்கள் எண்ணினால் பிழையில்லை. ஆனால் காற்றைப் பக்குவப்படுத்தும் வித்தை இந்தப் பிரதேசத்தில் பிரவேசித்தது பஞ்சு நூலை முன்னிட்டே எனலாம்.

வறண்ட காற்றில் பஞ்சிழை முறுகும், மின்னேற்றம் கொண்டு சிலிர்க்கும், அறுந்து அறுந்து வேலையைக் கெடுக்கும். ஆடியில் மலையிலிருந்து இறங்கும் காற்றோ ஈரத்தையெல்லாம் மலைக்கு அப்பாலேயே பொழிந்துவிட்டு வருவது. குழித்தறியில் நெய்தவருக்கு மண்ணின் குளிர்ச்சியே பாவு நூலைப் பதமாக வைத்தது; ஆனால் 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இராஜபாளையம் மில்ஸை ஸ்தாபித்தபோது தொடங்கிய ஆலை யுகத்துக்கு அந்த உபாயம் போதவில்லை. அமெரிக்காவில் 1902-இல் வில்லிஸ் கேரியர் அச்சுக்கூடக் காகிதம் சுருங்காதிருக்க யந்திரம் வகுத்தார்; 1906-இல் ‘ஏர் கண்டிஷனிங்’ என்று நாமகரணம் செய்த ஸ்டூவர்ட் கிராமரும் பஞ்சாலைப் பொறியாளரே. காகிதமும் நூலும் அனுபவித்து முடித்த பிறகே மனிதனுடைய முறை வந்தது.

ஈரம் வந்த இடத்துக்குப் பூசணமும் பின்தொடர்ந்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவுக்கூடங்களில் பாவுக்குக் கனமாகக் கஞ்சியேற்றி, அது உதிராதிருக்க நீராவியைப் பாய்ச்சி, கஞ்சியில் பூசணம் பிடிக்காதிருக்கத் துத்தநாகக் குளோரைடைக் கலந்து, இவ்வளவுக்கும் நடுவே தொழிலாளியை நிறுத்தினார்கள். நீராவிக்கு வரம்பு கட்ட 1889-இல் சட்டமே தேவைப்பட்டது. நெசவாளர் இருமல் என்று ஒரு வியாதியும் அங்கே பேசப்பட்டது. பூசணம் பிடித்த நூலை அதற்குக் காரணமாகக் காட்டினர். 1957-இல் ஆங்கிலேய வைத்தியர்கள் வர்ணித்த அத்தகைய இருமலுக்கு நிமித்தமாயிருந்தது கஞ்சியில் சேர்த்த புளியங்கொட்டை மாவு என்பது, புளியமரச் சாலைகளில் நடந்து பழகிய நம்மவரைச் சற்றே திடுக்கிட வைக்கும்.

நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் பதினைந்தாம் பிரிவு, காற்றுக்குச் செயற்கையாக ஈரமூட்டும் ஆலையில் அதற்கான நீர் குடிநீராகவோ, முன்னதாகச் சுத்திகரிக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டுமென விதித்தது. பரிசோதகர் குறை கண்டால் எழுத்து மூலம் கட்டளையிடவும் அதில் இடமிருந்தது. ஆக, ஆலைக்காற்றிலுள்ள நீருக்குப் பொறுப்பாளி ஒருவர் உண்டு. வீட்டு யந்திரத்துக்குள் ஊறும் நீருக்கு அப்படி ஒருவரும் இல்லை.

வீட்டு ஏ.சி. காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிப்பது. குளிர்ந்த சுருளின்மீது நீர் துளித்துத் தட்டில் வடிகிறது. வடிகட்டியைத் தாண்டிவந்த தூசும் தோல்துகளும் பஞ்சுப்பிசிறும் அச்சுருளில் படிந்து நனைய, கிளாடோஸ்போரியம், பெனிசிலியம், அஸ்பெர்ஜில்லஸ் முதலிய பூசணங்களுக்கு ஆகாரமும் நிழலும் ஒருங்கே கிடைக்கின்றன. யந்திரத்தை ஓட்டியவுடன் எழும் மக்கிய வாடை அதன் அறிகுறி. ஒவ்வாமை உள்ளவருக்கு அடுக்குத் தும்மலும் மூக்கடைப்பும், ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பும் வரும்; நோயெதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கு நுரையீரலிலேயே தொற்று குடிகொள்ளக்கூடும். இன்னொன்று அபூர்வம், ஆனால் கொடிது: சுவாசித்த சில மணி நேரத்தில் காய்ச்சலும் மூச்சுமுட்டலும் கண்டு, நாள்பட்டால் நுரையீரல் தழும்பேறும் அழற்சி. குளிர்சாதனத்தில் பெருகிய, பூசணம்போல் இழைவிடும் பாக்டீரியாக்களால் அலுவலகப் பணியாளர்க்கு அது நேர்ந்ததை 1970-இல் அமெரிக்க வைத்தியர்கள் வெளியிட்டார்கள். ஈரமும் பூசணமும் கொண்ட வீடுகளைப் பற்றி 2009-இல் உலக சுகாதார நிறுவனம் தனி நெறிமுறையே வகுத்தது.

பழைய வீடுகளில் இதற்கொரு பரிகாரம் பஞ்சாங்கத்தோடு இணைந்திருந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊறிய சுவர்களுக்கு, தை பிறக்குமுன் சுண்ணாம்பு அடித்தார்கள்; சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் தழைப்பதில்லை. பண்டிகைக்கு அலங்காரமென்று மட்டும் அதைக் கருதியவர்கள் பிளாஸ்டிக் வண்ணத்துக்கு மாறியது ஆச்சரியமல்ல. ஏ.சி.க்கோ இப்போது பங்குனியில், வெயிலுக்கு முன், ஆள் கூப்பிட்டுத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது வழக்கமாகியிருக்கிறது. மழைக்காலம் முழுதும் ஈரச்சுருளோடு மூடிக் கிடந்ததில் வளர்ந்தது அன்றுதான் வெளியேறுகிறது. ஐப்பசி பிறக்குமுன்னும் ஒருமுறை கழுவி, குளிர்ச்சியை நிறுத்தி விசிறியை மட்டும் சிறிது நேரம் ஓட்டி, சுருளை உலர்த்தியபின் மூடி வைப்பதற்குச் செலவு அதிகமில்லை.