சின்னப்பம்பட்டியிலிருந்து பிரிஸ்பேன் வரை

கொங்கு மண்டலத்தின் விளையாட்டு வரலாறு என்றதும் நம்மில் பலர் கோவையின் நரேன் கார்த்திகேயனைத்தான் நினைவுகூர்வர். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் அவர். ஆனால் கார்ப் பந்தயம் பெரும் பொருள் வேண்டும் துறை. கையில் ஒன்றுமின்றித் தொடங்கிய ஒருவரின் வரலாற்றையே நாம் இங்குக் காண்கிறோம்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜனின் தந்தை சேலை நெசவுக்கூடத்தில் தினக்கூலி. தாய் சாலையோரத்தில் கடை நடத்தியவர். ஐந்து பிள்ளைகளுள் மூத்தவரான நடராஜன், இருபது வயது வரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்று ஆளாக்கியவர் அதே ஊரின் ஜெயப்பிரகாஷ். அந்நன்றியை மறவாது, தம் சட்டையில் ‘ஜே.பி. நட்டு’ என்று பொறித்துக்கொண்டவர் நடராஜன்.

2015 ஜனவரியில், பெங்காலுக்கு எதிராகத் தமிழ்நாட்டு அணியில் முதன்முறையாக ஆடினார். பந்தை எறிகிறார் என்ற புகார் உடனே எழுந்தது. வேகப்பந்து வீச்சாளருக்கு அதைவிடப் பெரிய இடி வேறில்லை. பல மாதங்கள் உழைத்துக் கைவீச்சையே மாற்றிக்கொண்டு மீண்டார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடிக்கு எடுத்தது; ஆறு ஆட்டங்களில் இரண்டே விக்கெட்டுகள். அடுத்துச் சேர்ந்த ஹைதராபாத் அணியில் இரண்டு பருவங்கள் ஓர் ஆட்டமும் கிட்டவில்லை.

2020-இல் அபுதாபியில் டிவில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த யார்க்கரை நம் வீடுகளிலும் பலர் பார்த்திருப்போம். அந்நாட்களில்தான் அவருக்கு மகள் பிறந்தாள். குழந்தையைக் காணாமலேயே, வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுபவராக ஆஸ்திரேலியா சென்றார். அதே அணியின் முஹம்மது சிராஜ், ஆட்டோ ஓட்டித் தம்மை வளர்த்த தந்தையின் ஜனாஸாவுக்கும் திரும்பாமல் அங்கேயே தங்கியிருந்தார். முன்னணி வீச்சாளர்கள் காயமுற, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் இவ்விருவரும் ஒருசேரக் களமிறங்கினர். முதல் இன்னிங்ஸில் நடராஜனுக்கு மூன்று விக்கெட்டுகள். இரண்டாவதில் சிராஜுக்கு ஐந்து. ஒரே சுற்றுப்பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் நடராஜன்தான். தொடரை வென்றதும் கேப்டன் ரஹானே கோப்பையை அவர் கையில் கொடுத்தார்.

மார்ச் 28 அன்று புனேயில் இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ஓட்டங்கள் தேவைப்பட்டன. நடராஜன் ஆறே கொடுத்தார், இந்தியா வென்றது. அடுத்த மாதமே முழங்காலில் அறுவைச் சிகிச்சை. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை அணைத்துக்கொண்டு மோதி ஓடும் வீரர்களின் தொழிற்காலம் மிகக் குறுகியது என்பர். வேகப்பந்து வீச்சாளரின் நிலையும் அதற்கு வெகுதொலைவில் இல்லை. புனேயின் அந்த ஓவருக்குப் பிறகு அவர் இந்தியாவுக்காக ஆடவில்லை. டெஸ்ட் ஆட்டம் இதுவரை ஒன்றுதான்.

ஐ.பி.எல்.லில் மீண்டெழுந்து 2024-இல் 19 விக்கெட்டுகள் எடுத்தார். டெல்லி அணி 10.75 கோடிக்கு வாங்கியது. 2025-இல் இரண்டு ஆட்டங்களே ஆடினார். இவற்றுக்கிடையில் ஒன்று செய்திருந்தார். 2023 ஜூனில், சின்னப்பம்பட்டியில் அவர் அமைத்த கிரிக்கெட் மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். இன்று அவ்வூர்ப் பிள்ளைகள் புல்தரையில், தோல்பந்தில் பழகுகின்றனர்.