அப்பாவுக்கு ஒரு ஹாஸ்பிஸ் தேடிய கதையும் அதன் பின்னால் ஒரு சரித்திரமும்

முன்குறிப்பு: இது கொஞ்சம் நீளமான பதிவு. சாவு சம்பந்தப்பட்டது. வெள்ளிக்கிழமை அதுவுமாக இதையெல்லாம் படிக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் இன்னொரு நாள் வந்து படியுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். ரேஷன் கார்டு பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. வீட்டில் பேசுவது தமிழ். உடம்புக்கு முடியவில்லை என்றால் வண்டி கோயமுத்தூருக்குத்தான் போகும். இடுக்கியில் மூணாறு, பீர்மேடு எஸ்டேட்காரர்கள் தேனிக்கும் மதுரைக்கும் இறங்குகிற மாதிரி. நான் பி.காம். முடித்து வங்கியில் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகி, இப்போது லண்டனில் இன்னொருவர் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் அப்பாவுக்கு கேன்சர். கோயமுத்தூரில் பார்த்தோம். ஒரு கட்டத்தில் டாக்டர், "இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று சொல்லிவிட்டார். தங்கச்சி போனில் அழுகிறாள். எனக்கு உடனே லீவு கிடைக்கவில்லை. வங்கிக்காரன் கையாலாகாத நேரத்தில் என்ன செய்வான்? எக்ஸெல் ஷீட் போடுவான். நானும் போட்டேன். கடைசிக் காலத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் நாலைந்தை எடுத்து, ஏசி அறை, ஆம்புலன்ஸ், டாக்டர் ரவுண்ட்ஸ், சாப்பாடு, வெளிநாட்டிலிருந்து பார்க்க கேமரா, தினசரி கட்டணம் என்று பதினாலு வரிசை போட்டு மார்க் கொடுத்தேன். ஓரிடம் நூற்றுக்கு 86 வாங்கியது. அப்பாவை அங்கே சேர்த்தோம்.

பதினொரு நாள் இருந்தார். கேமரா நன்றாகவே வேலை செய்தது. பத்தாம் நாள் தங்கச்சி போன்: "அண்ணா, ராத்திரி பூரா முனகறாங்கண்ணா. மணியடிச்சா யாரும் வர்றதில்லை. கேட்டா, ஊசி போட்டாச்சு, அடுத்தது காலைலதான்னு சொல்றாங்க." மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். அங்கே அது கிடையாதாம். என் பதினாலு வரிசையிலும் அந்தக் கேள்வி இல்லை.

அதற்கப்புறம்தான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். வேடிக்கை என்னவென்றால், இதன் பிறப்பிடம் நான் குடியிருக்கும் இதே ஊர். செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ், தெற்கு லண்டனில் சிடனம் என்ற இடத்தில் இருக்கிறது. 1967ல் திறந்தவர் சிசிலி சாண்டர்ஸ். முதலில் நர்ஸ், பிறகு ஆஸ்பத்திரி சமூகப்பணியாளர், அதற்கும் பிறகு டாக்டருக்குப் படித்தவர். 1948ல் டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூத அகதி, வார்சாவிலிருந்து வந்த ஹோட்டல் சர்வர், லண்டனில் கேன்சரில் செத்துக்கொண்டிருந்தார். சொந்தபந்தம் யாரும் இல்லை. அவரோடு உட்கார்ந்து பேசியதில்தான் இப்படி ஓர் இடம் வேண்டும் என்று சிசிலிக்குத் தோன்றியது. டாஸ்மா தன் சேமிப்பில் 500 பவுண்டை, அந்த வருங்கால வீட்டில் ஒரு ஜன்னலாக நான் இருப்பேன் என்று சொல்லி எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்த ஜன்னலைச் சுற்றி வீடு எழும்ப பத்தொன்பது வருடம் ஆனது.

அவர் சரித்திரத்தில் என்னைக் கவர்ந்தது இன்னொரு இடம். 1958லிருந்து ஏழு வருடம் ஹாக்னியில் செயின்ட் ஜோசப்ஸ் என்ற, கன்னியாஸ்திரீகள் நடத்திய இல்லத்தில் வேலை பார்த்தார். அங்கே அன்புக்குக் குறைவில்லை. ஆனால் சரியான குறிப்பேடு கிடையாது. இவர் போய் ஒவ்வொரு நோயாளிக்கும் சார்ட் போட்டார். எத்தனை மணிக்கு என்ன மருந்து, எவ்வளவு வலி, அப்புறம் எப்படி இருந்தார் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தைச் சேர்த்தார். வலி வந்து, கெஞ்சி, பிறகு ஊசி போடுவதை நிறுத்தி, வலி திரும்பும் முன்பே மணி பார்த்து வாய்வழியாக மார்ஃபின் கொடுத்தால் நோயாளி தெளிவாக இருக்கிறார், போதைக்கு அடிமையாவதும் இல்லை என்று காட்டினார். அதாவது, ஹாஸ்பிஸ் என்பது கருணையில் மட்டும் பிறந்ததல்ல. பேரேட்டிலும் பிறந்தது. (லெட்ஜர் எழுதியே முடி நரைத்த எனக்கு இதில் அற்ப சந்தோஷம்.)

இந்தியாவில் முதல் ஹாஸ்பிஸ் 1986ல் மும்பையில் வந்த சாந்தி ஆவேத்னா. ஆனால் அதற்கு முந்தைய வருடமே வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் எல்லாவற்றையும் குழப்பியிருந்தது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதி, ஏகப்பட்ட லைசென்ஸ், ஒரு கையெழுத்து தவறினால் ஜெயில். மருந்துக்கடைகள் மார்ஃபினைக் கைகழுவின. 1997ல் நாடு முழுக்க மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் 18 கிலோதான். சட்டபூர்வமாக அபின் விளைவித்து உலகத்துக்கே ஏற்றுமதி செய்த நாடு இது!

எல்லையோர ஆட்களுக்கு இதில் கூடுதல் கஷ்டம். கேரளம் 1990களின் கடைசியில் தன் விதிகளை எளிமையாக்கியது. மற்ற பல மாநிலங்கள் மெதுவாக நகர்ந்தன. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் அரிசிக்கு வேறு விதி என்பது எங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். வலி மருந்துக்கும் வேறு விதி என்பது, வீட்டில் ஒருவர் படுத்தபிறகுதான் தெரிகிறது. நாடு முழுவதற்கும் ஒரே விதி என்ற திருத்தம் 2014ல்தான் வந்தது. அதற்குப் பிறகும் மாத்திரையை வாங்கி வைக்க மனசில்லாத இடங்கள் இருக்கின்றன, மேலே சொன்ன 86 மார்க் மாதிரி.

சரி, கேரளக் கதைக்கு வருவோம். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்க மருந்து நிபுணர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். அவரே பல இடங்களில் சொன்ன சம்பவம் இது. நாக்கில் புற்றுநோய் வந்த ஒரு கல்லூரி ஆசிரியரை இவரிடம் அனுப்பினார்கள். நரம்பில் ஊசி போட்டார். வலி போய்விட்டது. இனி வரவேண்டியதில்லை என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினார். அந்த மனிதரோ, வலியைக் குறைத்துவிட்டு மேற்கொண்டு சிகிச்சை செய்யப்போகிறார்கள் என்று நம்பி வந்தவர். குணமாகாது என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அன்று இரவே உயிரை மாய்த்துக்கொண்டார்.

இதை ஒரு தணிக்கைக்காரன் கண்ணால் பாருங்கள். வலி மதிப்பெண்: பூஜ்யம். ஃபைல் கிளியர். ஆள் இல்லை.

1993ல் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியவர்கள் சேர்ந்து கோழிக்கோட்டில் வலி நிவாரண சங்கத்தைத் தொடங்கினார்கள். இரண்டு வருடத்தில் அங்கே வாய்வழி மார்ஃபின் கொடுக்கப்பட்ட 1,723 நோயாளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்ததில், மருந்து வெளியே கைமாறியதாக ஒன்றுகூட இல்லை என்று 2001ல் லான்செட் இதழில் எழுதினார்கள். மார்ஃபின் கொடுத்தால் ஊரே போதையாகும் என்று பயந்த அதிகாரிகளுக்கு இதைவிடச் சரியான பதில் வேறில்லை. மறுபடியும் பேரேடு!

ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரமுடியாதவர்கள்? அதற்கு வழிகண்டது மலப்புறம். 1999 வாக்கில் தொடங்கிய அக்கம்பக்க வலையமைப்பில், ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். பீடிக்கடைக்காரர், வாத்தியார், கல்லூரிப் பையன்கள் என்று எல்லாரும். பத்து ரூபாய், இருபது ரூபாய் வசூலில் கிளினிக் நடந்தது. 2008ல் கேரள அரசு இதையே கொள்கையாக அறிவித்தது. பஞ்சாயத்துக்கு ஒரு பாலியேட்டிவ் நர்ஸ், அவருக்கு மேலே தாலுகா ஆஸ்பத்திரி அளவில் ஒரு பிரிவு, அதற்கு மேலே ஜில்லா. 2010ல் எகனாமிஸ்ட் குழுமம் 40 நாடுகளை எடுத்து, எங்கே மனிதர்கள் நல்லபடியாகச் சாகிறார்கள் என்று பட்டியல் போட்டபோது முதலிடம் பிரிட்டன், நாற்பதாவது இடம் இந்தியா. அதே அறிக்கை கேரளத்தை மட்டும் தனியாகப் பாராட்டியிருந்தது. 2015ல் 80 நாடுகளில் இந்தியா 67.

அந்த முதலிடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் லண்டன்காரன் பெருமையடிக்கிறான் என்பீர்கள். 1990களின் கடைசியில் லிவர்பூலில், ஹாஸ்பிஸ்களின் நல்ல பழக்கங்களைச் சாதாரண ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவர ஒரு படிவம் தயாரித்தார்கள். லிவர்பூல் வழிமுறை என்று பெயர். நல்ல எண்ணம்தான். நாடு முழுக்கப் பரவியது. பிறகு, இத்தனை நோயாளிகளை இந்த வழிமுறையில் சேர்த்தால் ஆஸ்பத்திரிக்கு ஊக்கத்தொகை என்று இலக்கு வைத்தார்கள். இலக்கு வைத்தால் கிளையில் என்ன நடக்கும் என்று வங்கிக்காரனிடம் கேளுங்கள்! மார்ச் மாதக் கடைசியில் டெபாசிட் குவிவதைப் போல டிக் அடிப்பது குவிந்தது. சில இடங்களில் குடும்பத்திடம் சொல்லாமலே முதியவர்களை அதில் சேர்த்திருந்தார்கள். தாகத்துக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவிடவில்லை என்று பிள்ளைகள் புகார் செய்தார்கள். ஜூலியா நியூபெர்கர் தலைமையிலான குழு விசாரித்து, ஒழுங்காகப் பயன்படுத்திய இடங்களில் பலர் நிம்மதியாகவே போய்ச்சேர்ந்தார்கள், மற்ற இடங்களில் படிவம் கவனிப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று கண்டு, அதைக் கைவிடச் சொன்னது. அது 2013ல்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் தொழிலில், கணக்கை மூடிவிட்டுப் போகிறவரிடம் ஏன் என்று கேட்டுக் குறித்துக்கொள்வோம். ஹாஸ்பிஸில் கணக்கை மூடியவர் பதில் சொல்ல மாட்டார். அதனால்தான் அமெரிக்காவில் 2015லிருந்து, இறந்தவரின் குடும்பத்துக்குச் சில மாதம் கழித்துக் கேள்வித்தாள் அனுப்பி மதிப்பிடுகிறார்கள். கூப்பிட்டபோது வந்தார்களா, இரவிலும் விடுமுறையிலும் உதவி கிடைத்ததா, மருந்தின் பின்விளைவைச் சொல்லிக்கொடுத்தார்களா என்கிற மாதிரிக் கேள்விகள். ஏசி பற்றி ஒன்றும் இல்லை. நம் நாட்டிலும் ராஜகோபால் முதலான நிபுணர்கள் சேர்ந்து குறைந்தபட்சத் தரப் பட்டியல் ஒன்றை வெளியிட்டிருக்கிறார்கள். முதல் சந்திப்பிலேயே வலியைக் கேட்டு எழுதுகிறார்களா, வாய்வழி மார்ஃபின் இடைவெளியில்லாமல் இருப்பில் இருக்கிறதா, அதற்குக் கணக்கு உண்டா, டாக்டரும் நர்ஸும் இதற்கென்று பயிற்சி எடுத்தவர்களா, அங்கே வேலை செய்பவர்களின் மனநலத்தை யாராவது கவனிக்கிறார்களா என்று போகிறது. கடைசிக் கேள்வி எனக்கு முதலில் வினோதமாகப் பட்டது. நொந்துபோன நர்ஸ் இரவு இரண்டு மணிக்கு மணியடித்தால் எழுந்து வருவாரா என்று யோசித்தபின் படவில்லை.

பன்னிரண்டாம் நாள் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆஷா பணியாளர் சொல்லி, பஞ்சாயத்து பாலியேட்டிவ் சிஸ்டர் வந்தார். அந்த வாரமே நானும் போய்ச் சேர்ந்துவிட்டேன். சிஸ்டர் பாதி மலையாளம், பாதி தமிழ். கட்டில் ஓரம் உட்கார்ந்து, மனித உருவம் அச்சடித்த ஒரு தாளை எடுத்து, எங்கெங்கே வலி என்று அப்பாவையே தொட்டுக் காட்டச் சொல்லிப் புள்ளி வைத்தார். பத்துக்கு எவ்வளவு? ஒன்பது. ராத்திரி தூங்கினீர்களா? வெளிக்குப் போய் எத்தனை நாள்? (மார்ஃபினுக்கு மலச்சிக்கல் வரும், கூடவே பேதி மருந்து தராதவர் இந்த வேலை தெரியாதவர் என்பது எனக்குப் பிறகு தெரிந்த பாடம்.) தாலுகா ஆஸ்பத்திரி பிரிவு டாக்டர் வந்து பார்த்து மார்ஃபின் மாத்திரை எழுதினார். மூன்றாம் நாள் ஒன்பது, மூன்றானது.

ஆனால் சிஸ்டர் அதோடு விடவில்லை. "மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டார். அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, பக்கத்துத் தோட்டக்காரர் வாங்கிய கூட்டுறவுக் கடனுக்குத் தான் ஜாமீன் போட்டிருப்பதையும், தான் போனபின் பாங்கிக்காரன் அம்மாவிடம் வந்து நிற்பானோ என்று பயமாக இருப்பதையும் சொன்னார். இருபது வருடமாக மகனே பாங்கிக்காரன்! என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. மறுநாளே போய் விசாரித்தேன். அந்தக் கடன் எப்போதோ அடைந்திருந்தது. பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கி வந்து கையில் கொடுத்தேன். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

குறை இல்லாமலில்லை. சிஸ்டருக்கு ஏகப்பட்ட வீடுகள், ஜீப்பும் சில நாள்தான் கிடைக்கும். ராத்திரியில் யாரும் வரமாட்டார்கள். இது கேரளத்தில் பல இடங்களிலும் உள்ள குறைதான். லயத்திலிருந்து ஜீப் ரோட்டுக்கு வரவே நடக்கவேண்டிய மூணாறு எஸ்டேட்டில் இது இன்னும் எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அதற்காக சிஸ்டர் தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுத்தார். இடையில் வலி எகிறினால் எவ்வளவு மாத்திரை, மூச்சு இழுத்தால் எப்படிச் சாய்த்து உட்காரவைப்பது, வாய் உலர்ந்தால் பஞ்சில் எப்படி நனைப்பது எல்லாம். நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து மணிவாரியாக எழுதச் சொன்னார். அந்த நோட்டு இப்போது என் மேஜை டிராயரில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் தங்கச்சி கையெழுத்தில்: ராத்திரி 2 மணி, மாத்திரை கொடுத்தேன், வலி 2, தண்ணி கேட்டாங்க, கொடுத்தேன்.

அப்பா போன பத்தாம் நாள் சிஸ்டர் வந்தார். மிச்சம் இருந்த மார்ஃபின் மாத்திரைகளை எண்ணினார். பதினேழு. நோட்டில் எழுதி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அப்புறம் பையை மூடிவிட்டு, திண்ணையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "ராத்திரி உறக்கம் வருதா அம்மே?" என்று கேட்டார்.