பெருவிலங்கு வேட்டைக்கான தோட்டாத் தேர்வு

பெருவிலங்கு வேட்டையில், சுடப்பட்ட விலங்கு நெடுநேரம் துடிக்காமல் விரைந்து உயிர்விட வேண்டும் என்பதே தோட்டாத் தேர்வின் முதல் நோக்கம். வேட்டையைச் சட்டத்துக்கு உட்படுத்தியுள்ள நாடுகள் பலவும் இதற்காகக் குறைந்தபட்ச அளவுகளை விதித்துள்ளன. ஜெர்மனியில் செம்மானுக்குக் குறைந்தது 6.5 மி.மீ. விட்டமும் 100 மீட்டரில் 2000 ஜூல் ஆற்றலும் தேவை. இவ்விதிகளின் காரணம் மிகத் தெளிவாகப் புலப்படுவது சுவீடனின் மூஸ் மான் வேட்டையில்தான்.

வளர்ந்த ஆண் மூஸ் 400 கிலோவைத் தாண்டும். அதற்கான தோட்டாவில் குண்டு 9 கிராமுக்குக் குறையக்கூடாது. 100 மீட்டரில் அதன் ஆற்றல் 2700 ஜூலாவது இருக்க வேண்டும். குண்டு 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் 2000 ஜூலே போதும். கனத்த குண்டு சற்று மெதுவாகச் சென்றாலும் விலா எலும்பைத் துளைத்து ஆழமாகப் பாயும் என்பதால் இந்தத் தளர்வு. குண்டு உடலில் பட்டதும் விரிய வேண்டும் என்பதும் விதி.

1890களில் சுவீடனும் நார்வேயும் தம் படைகளுக்காகச் சேர்ந்து உருவாக்கிய 6.5×55 தோட்டா, 10.1 கிராம் எடையுள்ள நீண்ட, ஒல்லியான குண்டுடன் இந்த வரம்பை எளிதில் தாண்டுகிறது. தோளில் அது தரும் உதைப்பு குறைவு. இதை மிக முக்கியமாகக் கருத வேண்டும். உதைப்புக்கு அஞ்சுபவர் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடிவிடுவார். குண்டு நுரையீரலைத் தவறவிட்டு வயிற்றில் பாயும். அப்போது தோட்டாவின் கூடுதல் ஆற்றலால் அந்த விலங்குக்கு எந்த நன்மையும் இல்லை. 80 மீட்டர் தொலைவில் நிற்கும், ஓடும் மூஸ் உருவங்களைச் சுட்டுப் பழகும் வழக்கம் சுவீடனில் வேரூன்றியிருப்பது இதனால்தான்.

சிறிய தோட்டாவே போதும் என்று வாதிடுபவர்கள் டபிள்யூ. டி. எம். பெல்லை எடுத்துக்காட்டுவதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் அவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றில் பெரும்பாலானவை 7×57 தோட்டாவுக்கு இரையானவை. ஆனால் அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை இருக்கும் இடத்தை எல்லாக் கோணத்திலிருந்தும் அறிந்துவைத்திருந்தார். விரியாத, முழு உறையிட்ட குண்டுகளையே பயன்படுத்தினார். மற்றவர்களுக்கு அது பின்பற்றத்தக்க வழி அல்ல.

தோட்டாவின் பெயரைவிடக் குண்டின் அமைப்பே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், உடலெல்லாம் சேறு காய்ந்து அப்பியிருந்த ஒரு மூஸை ஜான் நோஸ்லர் ஆற்றல்மிக்க .300 மேக்னம் துப்பாக்கியால் சுட்டார். குண்டுகள் உள்ளே ஊடுருவாமல் மேற்பரப்பிலேயே சிதறின. அதன் விளைவாக அவர் வடிவமைத்த பார்ட்டிஷன் குண்டில் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் நடுவே ஒரு உலோகத் தடுப்பு உண்டு: முன்பகுதி விரியும், பின்பகுதி சிதையாமல் ஆழம் செல்லும்.

தோட்டா சரியாக அமைந்தும் குறி பிசகலாம். நுரையீரலில் அடிபட்ட மூஸ்கூடச் சில பத்து மீட்டர் ஓடிய பிறகே விழுவதுண்டு. சுட்ட இடத்தில் நுரைத்த, வெளிர்சிவப்பு இரத்தம் அதற்கான அடையாளம். கருத்த இரத்தத்தோடு அரைபட்ட இலைதழை கிடந்தால் வயிற்றில் அடி என்று பொருள். காயம்பட்ட மூஸைத் தேடப் பயிற்சி பெற்ற மோப்ப நாய் இரண்டு மணி நேரத்துக்குள் அங்கு வந்துசேர ஏற்பாடு இருக்க வேண்டும் என்று சுவீடன் விதித்திருக்கிறது.

இறைச்சியிலும், பிணந்தின்னும் கழுகுகளின் உடலிலும் குண்டுகளிலுள்ள ஈயம் சேர்வது அண்மைக்காலக் கவலை. டென்மார்க் 2024 ஏப்ரல் முதல் ஈயக் குண்டுகளைத் தடைசெய்தது. மாற்றாக வரும் செம்பு உடையாமல் விரியும் நல்ல உலோகம். ஆனால் ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே நீளத்தில் செம்புக் குண்டின் எடை குறைவதால் 6.5 மி.மீ. துப்பாக்கியில் அது 10 கிராமை எட்டுவது கடினம். எட்டாவிட்டால் சுவீடனின் மூஸ் விதிப்படி 2000க்குப் பதில் 2700 ஜூல் தர வேண்டும்; பழைய 6.5×55க்கு அது எளிதன்று.