சுண்ணாம்பு பட்ட கண்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

"கண்ணில் வைக்கிற செல்லை ஆய்வகத்திலேயே வளர்க்கிறார்களாமே, நிஜமா சார்?" என்று என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவர் கேட்டிருந்தார். நிஜம்தான். நம் நாட்டிலேயே இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. அந்த வரலாற்றைத் தேடிப் படித்தபோது நமக்கு நன்றாகப் பழக்கமான ஒரு பொருள் திரும்பத் திரும்ப வந்தது. சுண்ணாம்பு.

நாட்டரசன்கோட்டையில் கண்ணுக்கு ஒன்று என்றால் முதலில் கண்ணாத்தாளுக்குக் கண்மலர் நேர்ந்துகொள்வோம். அதே ஊரில்தான் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சில் கண்ணாடி போல மின்னுகின்றன. தொட்டுப் பார்த்து வியப்பவர்கள் அந்தச் சுண்ணாம்பை நீற்றியவர்களின் கண்ணை நினைப்பதில்லை. நான் சிறுவனாக இருந்தபோது ஒரு கண் வெளுத்துப்போன கொத்தனார்களைப் பார்த்திருக்கிறேன். "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்பார்கள். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

அமிலம் பட்டால் மேலே உள்ள புரதம் உறைந்து ஓரளவு தடுப்புப் போல நிற்கும். சுண்ணாம்பு காரம். அது திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். உடனே அரை மணி நேரமாவது சுத்தமான தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டை அமுக்கி விளையாடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட குழந்தைகள் இன்றும் வருகிறார்கள். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் கவனம்.

இனி வரலாறு. பாடப்புத்தகத்தில் 'விழிவெண்படலம்' என்று படித்தீர்கள். ஆஸ்பத்திரியில் 'கருவிழி' என்பார்கள். ஒரே உறுப்புக்கு வெண், கரு என்று இரண்டு பெயர் வைத்தது நம் தமிழ்தான்! உண்மையில் அது நிறமே இல்லாத கண்ணாடி. இறந்தவர் கண்ணிலிருந்து அதை எடுத்துப் பொருத்துவதைத்தான் கண்தானம் என்கிறோம். மனிதரிடமிருந்து மனிதருக்கு முதன்முதலில் வெற்றிகரமாகப் பொருத்தியவர் எட்வர்ட் சிர்ம். 1905 டிசம்பர் 7, இன்றைய செக் நாட்டின் ஓலோமௌட்ஸ் நகரம். நோயாளி ஒரு கூலித் தொழிலாளி. அவர் கண் போனதும் சுண்ணாம்பால்தான். இரண்டு கண்ணிலும் செய்ததில் ஒன்று தேறியது.

நம் பக்கம் 1819-இல் தொடங்கிய சென்னைக் கண் மருத்துவமனை (இன்றைய எழும்பூர்) உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அங்கே டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா 1945-இல் நாட்டின் முதல் கண் வங்கியைத் தொடங்கி, 1948-இல் கருவிழி மாற்று அறுவை செய்தார். ஆனால் சுண்ணாம்பில் மோசமாக வெந்த கண்களுக்கு இது பெரும்பாலும் நிலைக்கவில்லை. புதுக் கருவிழியும் சில மாதங்களில் வெளுத்துவிடும்.

காரணம் விளிம்பில் இருந்தது. கண்ணின் கறுப்பும் வெள்ளையும் சேரும் வளையத்தில், லிம்பஸ் என்ற இடத்தில், ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. கருவிழியின் மேல்தோல் தேயத்தேயப் புதுத் தோல் அங்கிருந்துதான் வருகிறது. நாற்றங்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வெந்துபோனால் வெள்ளை விழியின் தோல் இரத்தக் குழாய்களோடு கருவிழி மேல் படர்ந்துவிடும். யார் கண்ணை வைத்தாலும் அதன் மீதும் படரும்.

நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து பெரிய துண்டு எடுத்து வைத்துப் பார்த்தார்கள். அந்த நல்ல கண்ணுக்கும் ஆபத்து. 1997-இல் இத்தாலியின் கிராசியெல்லா பெல்லெக்ரினியும் மிக்கேலே தெ லூக்காவும் மிகச் சிறிய துணுக்கு ஒன்றை எடுத்து, ஆய்வகத்தில் தோலாக வளர்த்து, இரண்டு பேருக்குப் பொருத்தினார்கள். தொடக்கம் அதுதான். செல்கள் வளர எலிச் செல் படுக்கை போட்டிருந்தார்கள். அதிலிருந்து வந்த ஹோலோகிளார் 2015-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. விலையைக் கேட்டால் நம் கொத்தனார் மயங்கிவிடுவார்.

ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் 2001 முதல் இதைச் செய்தார்கள். ('மனோகரா' எடுத்த அதே எல்.வி. பிரசாத்தான். அவர் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்தது.) டாக்டர் வீரேந்தர் சங்வான், டாக்டர் கீதா வேமுகண்டி ஆகியோர் எலிச் செல்லை விட்டுவிட்டார்கள். பிரசவத்தில் கழிவாகும் பனிக்குடச் சவ்வுதான் விரிப்பு, நோயாளியின் சொந்த இரத்த சீரம்தான் உரம். இரண்டு வாரத்தில் தோல் தயார். 2011-இல் 200 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 71 பேருக்குக் கண்ணின் மேற்பரப்பு நிலைத்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்து நடந்தது. பத்தாண்டு ஆய்வகத்தில் வளர்த்தவர்களே "ஆய்வகம் எதற்கு?" என்று கேட்டார்கள். 2012-இல் சங்வான், சயன் பாசு, துரைராஜன் பாலசுப்ரமணியன் முதலானோர் ஒரு எளிய முறையை வெளியிட்டனர். நல்ல கண்ணின் விளிம்பில் 2 மில்லிமீட்டர் துண்டு. அதை எட்டு, பத்தாக நறுக்கி, வெந்த கண்ணின் மேல் விரித்த பனிக்குடச் சவ்வில் பசையால் ஒட்டிவிடுவது. அவ்வளவே. நாற்று வயலிலேயே வளர்கிறது. ஆய்வகச் செலவு மிச்சம், இரண்டு அறுவை ஒன்றாகிறது. சங்கர நேத்ராலயாவின் ஆய்வுப் பிரிவும் வேறொரு வழியில் போனது. குளிரில் நீராகவும் சூட்டில் கூழாகவும் மாறும் ஒரு பொருளில் செல்களை வளர்த்து முயல்களின் கண்ணில் வைத்த ஆய்வை 2009-இல் வெளியிட்டது.

கண்ணப்பர் கதையைக் கண்தான மேடைகளில் எல்லாரும் சொல்வார்கள். இங்கே தன் கண்ணே தன் இன்னொரு கண்ணுக்குக் கொடுக்கிறது.

இரண்டு கண்ணும் வெந்தவருக்கு என்ன செய்வது? நறுக்க நல்ல விளிம்பு இல்லையே. அங்கேதான் ஆய்வகம் மறுபடி தேவைப்படுகிறது. ஜப்பானின் ஒசாகாவில் கோஜி நிஷிதா குழுவினர் 2019-இல், சாதாரண உடற்செல்லைப் பின்னோக்கித் திருப்பி உண்டாக்கிய ஸ்டெம் செல்லிலிருந்து கருவிழித் தோல் வளர்த்து வைத்தார்கள். நான்கு பேரின் முடிவு 2024-இல் வெளியானது. நால்வருக்கும் பார்வை கூடியது. மூவருக்கு அது நிலைத்தது, ஒருவருக்குப் பின்னர் சற்றுக் குறைந்தது.