மழை பெய்தது, சுவர் விழுந்தது: நடூரும் பேரிடர் குறித்த அறமும்



சரவணம்பட்டியிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது மேட்டுப்பாளையம். அங்கே நடூர் ஆதிதிராவிடர் குடியிருப்பில் 2019 டிசம்பர் 2 விடியற்காலையில், தனியார் வீடு ஒன்றின் உயர்ந்த கருங்கல் சுற்றுச்சுவர் இடிந்து ஓட்டு வீடுகளின் மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். குழந்தைகளும் இருந்தார்கள். இறந்தவர்கள் அனைவரும் அருந்ததியர்.

அன்று செய்திகள் அதைக் கனமழையின் பலி என்றன. மழை பெய்தது உண்மைதான். ஆனால் அதே மழை சுவருக்கு அந்தப்பக்கமும் பெய்தது. அங்கே யாரும் சாகவில்லை. இந்த ஒரு வேறுபாட்டை வைத்துக்கொண்டு, பேரிடர், மதம், அறம் ஆகிய மூன்றையும் பற்றிச் சில கேள்விகளை உங்கள் முன் வைக்கிறேன்.

பேரிடர் வந்தால் மனிதர்கள் முதலில் கேட்பது 'ஏன்?' என்பதைத்தான். அதற்கு மதம் பதில் சொல்ல முன்வரும். கோவைக்கு இது புதிதல்ல. கொள்ளைநோய் இந்த ஊரைச் சூறையாடிய காலத்தின் நினைவாக பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் நிற்கின்றன. 2021 மே மாதம் இருகூரில் 'கொரோனா தேவி'க்குச் சிலை வைத்தார்கள். அச்சத்துக்கு ஒரு முகம் கொடுத்து அதன் முன் கும்பிடுவது எளிய மக்களின் ஆறுதல். அதை நான் இகழவில்லை. ஆனால் இரண்டு கொள்ளைநோய்களின் போதும் தெருவில் இறங்கிக் குப்பையும் மலமும் அள்ளியவர்கள் யார் என்று கோயில் எதுவும் சொல்வதில்லை.

1934 ஜனவரி 15 அன்று பீகாரில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழகத்தில் இருந்த காந்தி, ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனையே இது என்ற கருத்தை முன்வைத்தார். தாகூர் கடுமையாக மறுத்தார். இயற்கை நிகழ்வுக்கு ஒழுக்கக் காரணம் கற்பிப்பது மக்களின் அறியாமைக்குத்தான் தீனி போடும் என்பது அவரது வாதம். காந்தி தம் 'ஹரிஜன்' இதழிலேயே தாகூரின் மறுப்பை வெளியிட்டு, பதிலும் எழுதினார்.

இந்த விவாதத்தைப் படிப்பவர்கள் காந்தி பக்கமா, தாகூர் பக்கமா என்று நிற்கிறார்கள். நாம் கேட்கவேண்டியது வேறு. தீண்டாமைக்கான தண்டனை என்றால், அந்த நிலநடுக்கத்தில் செத்த தீண்டப்படாத மக்கள் செய்த பாவம் என்ன? தாகூர் சொன்னதும் சரிதான், பூமி சாதி பார்த்து அதிர்வதில்லை. ஆனால் யார் எங்கே குடியிருக்கவேண்டும், எந்தப் பள்ளத்தில், எந்தச் சுவரின் அடியில் என்பதைச் சாதி முன்பே தீர்மானித்துவிடுகிறது. பாவம் மழையை வரவழைப்பதில்லை. மழை வந்தால் யார் சாகவேண்டும் என்பதை அது எழுதி வைத்திருக்கிறது. நடூர் மக்கள் அந்தச் சுவர் ஆபத்தானது என்று முன்பே முறையிட்டதாகச் சொன்னார்கள். அந்த முறையீடு கேட்கப்படாததில் இயற்கைக்கு என்ன பங்கு?

பேரிடருக்குப் பின் பெருகும் மனிதநேயத்தைப் பற்றியும் பேசவேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்துக்கு உலகமே உதவி அனுப்பியது. அந்த ஈகையை மறக்கக் கூடாது. ஆனால் அழுகிய உடல்களை அள்ள, பிற ஊர்களின் நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அதே கடற்கரையில் முகாமிலும் குடிநீரிலும் நிவாரணப் பட்டியலிலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. பிணத்தைத் தொடுவதற்கு அழைக்கப்பட்டவர், தண்ணீரைத் தொடும்போது தடுக்கப்பட்டார். 'எல்லோரும் ஒன்றானோம்' என்று பேரிடர் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டே எழுதுகிறார்கள்.

நடூரில் நடந்ததையும் பாருங்கள். இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒரு தந்தை, அவர்களின் கண்களைத் தானமாகக் கொடுத்தார். முன்பின் தெரியாத யாரோ இருவர் பார்வை பெறட்டும் என்று அந்த நேரத்திலும் நினைத்தது ஒரு மனம். சமூக உணர்வு என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது. அதே நாளில், நீதி கேட்டு மருத்துவமனை முன் திரண்ட மக்கள் மீது காவல்துறை தடியடி நடத்தியது. தமிழ்ப் புலிகள் கட்சித் தலைவர் நாகை திருவள்ளுவனும் மற்றவர்களும் கைது செய்யப்பட்டார்கள். இழப்பீடு முதலில் 4 லட்சம் என்றார்கள், பிறகு 10 லட்சம் ஆக்கினார்கள். மக்கள் கேட்டது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு. அரசு இரக்கம் காட்ட ஆயத்தமாக இருந்தது, குற்றத்தைக் குற்றம் என்று பெயரிட ஆயத்தமாக இல்லை.

இதன் பின்தான் மதமாற்றம் பேசப்பட்டது. சுவரின் உரிமையாளர் பிணையில் வந்துவிட்டார், நீதி கேட்டவர் சிறையில் இருக்கிறார் என்று சுட்டிக்காட்டிய தமிழ்ப் புலிகள் கட்சியினர், 3,000 பேர் இஸ்லாத்தைத் தழுவுவார்கள் என்று அறிவித்தார்கள். 2020 தொடக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் மாறியதாக நாளேடுகள் எழுதின. உடனே 'கோபத்தில் மாறுவது மதமா?' என்ற கேள்வி எழுந்தது. 1981இல் மீனாட்சிபுரத்து மக்கள் மாறியபோது வளைகுடாப் பணம் என்று பழி சொன்னார்கள்; கேள்வி மட்டும்தான் மாறியிருக்கிறது.

கோபமும் ஓர் அறவுணர்வுதான். 1935இல் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அண்ணல் அம்பேத்கர் அறிவித்தபோது அதில் கோபம் இல்லையா? ஆனால் அவர் கோபத்தோடு நிற்கவில்லை. 21 ஆண்டுகள் படித்து, ஒப்பிட்டு, 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் ஏற்றார். கடவுள் இருந்த இடத்தில் அறத்தை வைக்கும் ஒரு நெறியைத் தேர்ந்தார். அவருக்கு முன்பே, 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதரும் இதே தேடலில் நடந்தவர்.

மாறியவர்கள் கொடுக்கும் விலையையும் நாம் மறைக்கக் கூடாது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணைப்படி, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். இஸ்லாத்தையோ கிறித்துவத்தையோ ஏற்கும் அருந்ததியர், 2009இல் போராடிப் பெற்ற 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை இழக்கிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பையும் இழக்கிறார். சுவரோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. இத்தனை இழப்பையும் தெரிந்து ஒருவர் வெளியேறுகிறார் என்றால், அவரைச் சந்தர்ப்பவாதி என்று சொல்ல நமக்கு நா எழக்கூடாது. வெளியேறாமல் நின்று போராடுகிறவரைக் கோழை என்று சொல்லவும் உரிமையில்லை. இருவரும் தீர்ப்புச் சொல்வது ஒரே சமூகத்தின் மீதுதான்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்காலத்துக்கு முன் உங்கள் ஊரைச் சுற்றி நடந்து பாருங்கள். எந்தக் குடியிருப்பு எந்தச் சுவரின் அடியில் இருக்கிறது, எது ஓடைக்கரையில் இருக்கிறது, யார் எப்போது யாரிடம் மனு கொடுத்தார்கள் என்று எழுதி வையுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த மனுக்களின் நிலையைக் கேளுங்கள். நிவாரணப் பொருள் திரட்டும் நம் இளைஞர்களின் கைகள் இந்த வேலைக்கும் வேண்டும். நடூரின் 17 பேருக்கு நாம் செலுத்தக்கூடிய அஞ்சலி, சுவர் நிற்கும்போதே செய்யவேண்டிய இந்த வேலைதான்.

ஜெய்பீம்.