இரண்டாம் சோதனைக்கு முன்

நோய்க்கு வரலாறு எழுதியிருக்கிறார்கள், மருந்துக்கும் எழுதியிருக்கிறார்கள். ஒரு முறை ரத்தம் கொடுத்துவிட்டு, "இன்னொரு முறை பார்க்க வேண்டும்" என்ற சொல்லைச் சுமந்து வீடு திரும்பியவர்கள் கழித்த நாட்களுக்கு வரலாறு எழுதுவோர் அரியர். அந்நாட்களின் வியாகுலம் புராதனமானதன்று. 1906-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வாஸர்மனும் அவருடைய சகாக்களும் கிரந்தி (சிபிலிஸ்) நோயை ரத்தத்திலேயே கண்டறியும் சோதனையை வெளியிட்ட பிறகுதான், தேகத்தில் யாதொரு அடையாளமும் இல்லாத ஒருவரையும் சோதனைக்கூடம் கிரந்தி நோயாளி என்று சொல்வது சாத்தியமாயிற்று. மலேரியாவும் தொழுநோயும் உள்ளவர்களிடத்தில் அச்சோதனை சில வேளைகளில் பொய் சொல்லிற்று. ஆகவே மறுசோதனை அவசியமாயிற்று, அதனுடனே காத்திருத்தலும் வந்து சேர்ந்தது.

இந்தக் காத்திருத்தலின் அதிமுக்கியமான அத்தியாயம் ஒன்று சென்னையில் நடந்தது. எய்ட்ஸ் என்னும் வியாதி நம் நாட்டை அண்டாது என்று பலரும் நம்பியிருந்த காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் யோசனைப்படி, மாணவி நிர்மலா செல்லப்பன், காப்பு விடுதியில் வைக்கப்பட்டிருந்த பெண்கள் முதலியோரிடம் ரத்தம் சேகரித்து, தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாத்து, 1986 பிப்ரவரியில் கணவரோடு இரவு ரயிலேறி வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். எலிசா என்னும் ரத்தச் சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாகி நோய்த்தொற்றைக் காட்டின. சுனிதியும் நிர்மலாவும் உடனே ஊருக்குப் பறைசாற்றிவிடவில்லை. மறுபடி சோதித்து, அப்பெண்களிடம் புதிதாக ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி வெஸ்டர்ன் பிளாட் முறையில் உறுதி செய்துகொண்ட பின்னரே செய்தி அரசாங்கத்தை அடைந்தது. அந்த நிதானத்தை நான் பெரிதும் போற்றுகிறேன். ஆயினும் இரண்டாம் முறை கையை நீட்டிய அப்பெண்களின் பக்கத்தில் அமர்ந்து, இது எதற்கு, முடிவு என்று வரும், வந்தால் என்ன செய்வது என்று எடுத்துச் சொல்வதற்கென்றே பயின்றவர் எவரும் அந்நாளில் நம் மருத்துவமனைகளில் இல்லை என்பதை நினைக்கையில் மனம் கனக்கிறது.

பின் வந்த ஆண்டுகளில் வேறொரு காத்திருத்தலும் சேர்ந்தது. எய்ட்ஸ் கிருமி புகுந்தபின் அதன் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தோன்றச் சில வாரங்கள் பிடிக்குமாதலால், நோய் இல்லை என்று முடிவு வந்தவரையும் மூன்று மாதம் கழித்து மீண்டும் வரச் சொன்னார்கள். அம்மூன்று மாதமும் ஒரு சாதாரண ஜலதோஷம், நாவில் எழுந்த ஒரு சிறு கொப்புளம், கழுத்தில் விரலுக்குத் தட்டுப்பட்ட ஒரு நெறி, யாவும் சாட்சியங்களாகத் தோன்றின. தினந்தோறும் கண்ணாடி முன் நின்று தேகத்தைச் சோதித்துக்கொள்வதனால் பயம் வளர்ந்ததே அன்றி உண்மை ஓர் அணுவளவும் தெளிவாகவில்லை. குறித்த நாளுக்கு முன் நூறு முறை சோதித்தாலும் ரத்தம் தன்னிடம் இல்லாத விடையைத் தராது என்பதை எவரேனும் பொறுமையாக விளக்கினாலன்றி அந்த உறக்கமற்ற இரவுகளுக்கு ஆறுதல் கிடையாது.

அவ்விளக்கத்தையே ஒரு தொழிலாக்கியதில் சுனிதி சாலமனுக்குப் பங்குண்டு. 1993-இல் அவர் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிறுவனம், சிகிச்சையோடு ஆலோசனையையும் தன் கடமையாகக் கொண்டது. பின்னர் அரசாங்க மருத்துவமனைகளில் அமைந்த நம்பிக்கை மையங்களில், ரத்தம் எடுக்கும் முன் ஒரு பேச்சு, முடிவு சொல்லும்போது ஒரு பேச்சு என்பது விதியாயிற்று. இப்போது துரித சோதனையின் முடிவு அரை மணிக்குள் கிடைத்துவிடுகிறது. முதலாவது ஐயம் காட்டினால் வேறு சோதனைகளால் சரிபார்க்கிறார்கள். மறுசோதனை தேவைப்படுபவரிடம் ஆலோசகர் தேதியைக் குறித்துத் தருவதோடு நில்லாமல், அதுவரை மனத்திலுள்ளதைச் சொல்லிக்கொள்ள வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்கிறார்.